புஷ்பவதிக்கு நெஞ்சு வலி

"நெஞ்ச அடைக்குதுங்க!" என்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சரிந்து உட்கார்ந்தாள் புஷ்பவதி.

பதறிப்போன சண்முகநாதன், ஆட்டோ பிடித்து மனைவியோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். வழியெல்லாம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பயப்படாத புள்ள, வந்துட்டோம்."

அவசரப் பிரிவில் டொக்டர் வந்ததும் புஷ்பவதி கட்டிலை விட்டு இறங்கினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க டொக்டர். காலையிலருந்து இவருக்குத்தான் நெஞ்சு வலி. வெறும் வாய்வுன்னு சொல்லி வரமாட்டேன்னுட்டாரு. எனக்குன்னா ஓடி வருவாருன்னுதான் நடிச்சேன்."

சண்முகநாதனைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. உடனே ஊசி மருந்து ஏறியது.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்கம்மா. பொழச்சிக்குவாரு," என்றார் டொக்டர்.

வலி தணிந்து கண் திறந்த சண்முகநாதன், மனைவியின் கையைப் பற்றினார்.

"பொய்க்காரி," என்றார், கையை விடாமல்.