எட்டுப் பல் சிரிப்பு

பல் சுத்தம் செய்ய இப்போது ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் கட்டணம். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் நறுமுகைக்கு இடப்பக்கம் எட்டுப் பற்கள்தான் வெளுத்தன.

"மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி இடது கன்னத்தைக் காட்டியே உட்காரு. வாயைத் திறந்து சிரிச்சுத் தொலைக்காதே," என்றாள் அம்மா.

மாப்பிள்ளை எழில்வேந்தனும் வந்ததிலிருந்து வலது கன்னம் மட்டும் தெரியத் திரும்பியே உட்கார்ந்திருந்தான். கேசரித் தட்டை நீட்டிய நறுமுகை மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். அவன் நகர்ந்தான். அவள் விடாமல் நாற்காலியைச் சுற்றி வந்தாள். அவனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. இடப்பக்கம் முழுக்க மஞ்சள்.

அவளும் வாய் நிறையச் சிரித்தாள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இவரையே முடிச்சிடுங்கப்பா," என்றாள் நறுமுகை, கண்ணைத் துடைத்தபடி. "எனக்கு இடது, இவருக்கு வலது. கன்னத்தோட கன்னம் வெச்சு நின்னா, கல்யாண போட்டோவுக்கு ஒரு முழுச் சிரிப்பு தேறும்."