மெம்பரேனில் சுற்றிய முடி

கணவரின் சட்டையில், இரண்டாவது பொத்தானில் ஒரு நீண்ட தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. அதை மெல்லப் பிரித்தெடுத்துப் பார்த்த கௌசிகாவின் முகம் வாடியது.

அது கௌசிகாவின் முடியாக இருக்க வழியே இல்லை. கணவர் மோகன்ராஜுக்கு வேலை கிடைத்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருந்த அவர், சென்ற மாதம்தான் திருமலைக்குச் சென்று அந்த வேண்டுதலை நிறைவேற்றியிருந்தார்.

சட்டையை முகர்ந்தும் பார்த்தார். சந்தன மணம் மட்டுமே வீசியது.

“இன்னாங்க இது? யாரு முடி?”

மோகன்ராஜ் சிரித்தார். “சந்தேகமா? லாட்ஜுல கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பழைய பிளான்ட்டுக்குப் புதுசா மெம்பரேன் போட்டிருக்கோம்னு சொன்னேன் இல்ல? நூல் மாதிரி மெல்லிசு கொழாய்ங்க, கத்த கத்தையா தொங்கும். குளிக்கிறவங்க முடியெல்லாம் வந்து அதுலதான் சுத்திக்கும். தெனம் நான்தான் கையால உருவிக்கினு இருக்கேன்.”

“அப்போ சந்தனம்?”

“மலையில மொட்ட போட்டுக்கினு வர்றவங்க தலையில பூசறது. ரூமுல கழுவினா எங்க போவும்? எங்க தொட்டிக்குத்தான். நீயும்தான் பூசிக்கினு வந்த, மறந்துட்டியா?”

கௌசிகாவுக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. முள்முள்ளாக முளைத்திருந்த தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, சட்டையைத் துவைக்கப் போட்டார்.

மறுநாள் மதியம் கணவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் லாட்ஜுக்குச் சென்றார். பின்புறத்தில், கழிவுநீர்த் தொட்டியின் அருகே, மோகன்ராஜுடன் வேலை செய்யும் சலீம் மட்டும் இருந்தார்.

“அண்ணன் இப்பத்தான் வெளிய போனாரு. பர்வாலேது அண்ணி, நெழல்ல உக்காருங்க” என்று, அங்கிருந்த பெரிய மரப்பெட்டியின் தூசியைத் துடைத்துவிட்டார் சலீம்.

அதன் மேல் அமர்ந்த கௌசிகா, வழியில் வாங்கிய ரப்பர் கையுறைகளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“இத அவராண்ட குடுத்துடு தம்பி. கண்டவங்க முடிய வெறுங்கையால உருவிக்கினு இருக்காரு, பாவம். நான் வேற அவரப் போயி சந்தேகப்பட்டுட்டேன்.”

“எந்த முடி அண்ணி?”

“அதான்பா, மெம்பரேன்ல சுத்திக்குதே, அந்த முடி.”

சலீம் கையுறைகளை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பார்வை தயக்கத்துடன் கீழிறங்கியது.

“நீங்க உக்காந்துகினு இருக்கிற பொட்டிதான் அண்ணி மெம்பரேன். இன்னும் பிரிக்கவே இல்ல.”