பெயர் விருந்து

லுண்டாயே மக்களின் மலையில் ஒருவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அவனுக்குப் புதுப்பெயர் வந்துவிடும். பழைய பெயரை அப்புறம் யாரும் வாயில் எடுப்பதில்லை. ஓர் எருமைக்காக வந்த சண்டையில், "பாதானோட இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்திருந்த லாபோ, பாதானுக்குத் தலைப்பிள்ளையாகப் பெண் பிறந்த சேதி கேட்டதும் எல்லை தாண்டி மலையேறிப் பெயர் விருந்துக்கு வந்து நின்றான். இலையில் கட்டிய சோற்றை நீட்டியவனிடம், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டான்.

"முராங். நீங்க யாரைத் தேடி வந்தீங்க?"

"பாதான்னு ஒருத்தன் இருந்தான்."

"அவனா? இன்னிக்குக் காலையிலதான் போய்ச் சேர்ந்தான்." முராங் சோற்றை லாபோவின் கையில் வைத்தான். "போறப்ப, எருமை விஷயமா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான்."

லாபோ இலையைப் பிரித்தான்.

"செத்தவன் கதை நமக்கெதுக்கு, முராங்? உங்க பிள்ளையைக் காட்டுங்க."