சனியை முதலில் பார்த்தவர்

பாட்டு பாதியில் நின்றது.

"என்ன, ஏன் நிப்பாட்டினவர்?" என்று சனத்துக்குள் ஒரு குரல்.

நாதஸ்வரக்காரர் பிரதாபன் வாத்தியத்தைத் துணிமேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். தவில்காரர் ஓங்கிய கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முரசுமோட்டையில் புதிதாகத் திறந்த வானியல் நிலையத்தில் அன்றுதான் முதல் மக்கள் மாலை. முற்றத்தின் ஒரு பக்கம் மேளக் கச்சேரி. மறுபக்கம், நாலு படி ஏறினால், பெரிய தொலைநோக்கி.

மேளத்தின் முன்னால் முந்நூறு சனம். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் விஞ்ஞான ஆசிரியை சிவதர்சினி மட்டும், தன்னந்தனியாக.

காரணம் இதுதான். அன்று காட்டப்போகும் கிரகம் சனி. போதாக்குறைக்கு நாளும் சனிக்கிழமை.

"வளையம் வடிவாத் தெரியுது, வாங்கோ!" என்று சிவதர்சினி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனாள்.

"எனக்கு ஏழரை நடக்குது, ரீச்சர். அவர் என்னைப் பாக்கிறதே போதும்" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

மீனம்மா தன் இரண்டு பிள்ளைகளின் கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "கோயிலிலையே அவருக்கு நேரை நிண்டு கும்பிடக்கூடாது எண்டுவினம். இதிலை கிட்ட இழுத்து வைச்சு வேறை பாக்கிறதோ?"

பிரதம விருந்தினராக வந்த அதிகாரியோ, "சின்னப் பிள்ளையள் முதல் பாக்கட்டும்" என்று மூன்றாம் தடவையும் பெருந்தன்மை காட்டினார்.

"நீங்கள் இருக்க நாங்களோ, சேர்?" என்று விழாத் தலைவர் நடராசா கதிரையில் இன்னும் ஆழமாகச் சாய்ந்தார்.

முதல் மரியாதையை ஆளுக்காள் இப்படி விட்டுக்கொடுத்ததை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை!

சிவதர்சினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தொலைநோக்கி ஒரு மாத இரவலில் வந்தது. அதற்காக மூன்று வருடம் கடிதம் எழுதியிருந்தாள். "சனத்துக்கு ஆர்வமில்லையெண்டால் வேறை மாவட்டத்துக்கு அனுப்பவேண்டியதுதான்" என்று அதிகாரி வந்த கையோடு சொல்லிவிட்டார். அரை மணித்தியாலமாக ஒருவரும் படியேறவில்லை. அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

அந்த நேரம்தான் பிரதாபன் எழும்பி வந்தார்.

நடராசா குறுக்கே பாய்ந்தார். "மேளம் நிண்டால் இருக்கிற சனமும் எழும்பிப் போயிடும். போய் ஊதும் காணும்!"

"ஒருக்காப் பாத்திட்டு வாறன், ஐயா."

"பிரதம விருந்தினர் இருக்க மேளக்காரர் முதலோ? சரியான முந்திரிக்கொட்டை!"

"சபை மரியாதை தெரியாத ஆள்" என்று பின்னாலும் முணுமுணுத்தார்கள்.

பிரதாபன் நடராசாவைச் சுற்றிக்கொண்டு போனார். நாலு படியையும் இரண்டே எட்டில் ஏறினார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து கண்ணை வைத்தார்.

சனி அவரை என்ன செய்யப்போகிறார் என்று முந்நூறு பேரும் பார்த்திருந்தார்கள்.

பிரதாபன் ஒருதரம் கண்ணை எடுத்துச் சிவதர்சினியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்து கண்ணை வைத்தார்.

பிறகு துள்ளி நிமிர்ந்தார்.

"ஐயோ, என்ன வடிவு! வளையம் அப்பிடியே தெரியுது! ஏழரை வருசமா என்னைப் பாத்துக்கொண்டிருந்தவரை இண்டைக்கு நான் பாத்திட்டன்!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. மீனம்மாவின் பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். சிவதர்சினி அவசர அவசரமாகத் தொலைநோக்கியை நகர்த்திச் சரிசெய்து அவர்களைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, உண்மையாவே வளையம்! ஓடி வாங்கோ!"

பிள்ளைகளை இழுத்துப்போக வந்த மீனம்மாவும் குனிந்தாள். நிமிர மனமில்லை. "இவ்வளவு வடிவான ஆளுக்கோ நான் இவ்வளவு நாளும் பயந்தனான்!" என்றவள், இறங்கிப்போய் மறுபடி வரிசையில் நின்றாள்.

வரிசை வாசல்வரை நீண்டது. பிரதாபன் மேடைக்குத் திரும்பி வாத்தியத்தை எடுத்தார். பார்த்தவர்கள் கூவ, பார்க்காதவர்கள் முண்டியடிக்க, தவில் துள்ளி முழங்கியது. ஏழரைக்காரர்கூட இரண்டு தடவை பார்த்தார். கடைசியில் அதிகாரியும் ஏறினார். இறங்கும்போது அவரும் சின்னப் பிள்ளையாகியிருந்தார்.

"இது இஞ்சையே நிக்கட்டும், ரீச்சர்!"

சிவதர்சினிக்குத் தலைகால் புரியவில்லை. நன்றியுரையில் நடராசா மட்டும் விடவில்லை. "கலைஞர்களும் தங்கடை முறை வரும்வரைக்கும் பொறுக்கப் பழகவேணும்" என்று ஒரு குத்துக் குத்தினார். சனம் கைதட்டிச் சிரித்தது. பிரதாபனும் சேர்ந்து சிரித்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மெதுவாகப் படியேறி வந்தார்.

"ரீச்சர், ஒருக்காப் பாக்கலாமோ?"

"முதல் ஆளே நீங்கள்தானே! இன்னும் ஆசை தீரேல்லையோ?"

சிரித்தபடியே தொலைநோக்கியைத் திருப்பப் போன சிவதர்சினியின் கை அப்படியே நின்றது. வானம் நகர நகர, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதையும் நகர்த்தவேண்டும். இல்லையென்றால் சனி கண்ணாடியை விட்டுப் போய்விடும். ஒருவரும் படியேறாத அந்த அரை மணித்தியாலமும் அவள் அதைத் தொடவே இல்லை.

"அண்ணை... அப்ப நீங்கள் என்ன பாத்தனியள்?"

"வெறும் இருட்டுத்தான், ரீச்சர். உங்கடை முகத்தைப் பாத்திட்டு அதைச் சொல்ல மனம் வரேல்லை."