மேசை மணி

ஓய்வுபெற்றோர் சங்கத்தில் புது உறுப்பினர்களை வரவேற்றாகிவிட்டது. டீ போடவும் நாற்காலி அடுக்கவும் யார் வருகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார்கள். செயலர் கடுப்பாகி மேசை மணியைத் தட்டுகிறார். கடைசி வரிசையில், இன்றுதான் சேர்ந்த ரிட்டயர்டு பியூனின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நிற்கின்றன. "பாத்தீங்களா, நம்ம பியூனே எந்திரிச்சுட்டார்," என்கிறார் செயலர். எல்லாரும் கைதட்டுகிறார்கள். எழுந்து நின்றவருக்குக் காதுமடல் கொதிக்கிறது. தன் கால்களையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. விறுவிறுவென்று போய் மணியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். "எனக்குன்னு ஒரு பேர் இருக்கு சார். அதைச் சொல்லிக் கேளுங்க, செய்றேன்." பதினோரு வருஷம் ஆபீசில் அவரை மணியடித்தே கூப்பிட்ட அதிகாரிதான் இந்தச் செயலர். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறுப்பினர் பட்டியலில் விரலை ஓட்டித் தேடுகிறார்.