கத்திக்கு வந்த கழுத்து

"பயமா இருந்தா பக்கத்து நாற்காலிக்குப் போயிடுங்க சார். நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

வந்தவர் அசையவில்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டிக்கொண்டு நின்ற சலூன்காரரின் மச்சானையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்கதான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சலூன்காரர் துணியை எடுத்துப் போர்த்திவிட்டார். பார்க்கின்சன் வந்ததிலிருந்து கத்திக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் ஆடத் தொடங்கிவிடும், காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பாதி முகம் வழித்த நிலையில் ஒருவரை மச்சானிடம் ஒப்படைத்த கதை தெரு முழுக்கப் பரவியது. அதற்கப்புறம் அவர் நாற்காலியில் உட்கார ஆளில்லை.

இப்போது இடுப்புப் பையில் ஒரு சின்ன பம்பு. வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியே மருந்து கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளியே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கை அடங்கிவிட்டது. ஆனால் அதைத் தெருவை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. கூடவே வேலை செய்கிற மச்சானே இன்னும் தன் தாடையை நீட்டவில்லை.

நுரை பூசி, கத்தியை வைத்தார். கன்னத்தில் அது வழுக்கிக்கொண்டு போனது. தொண்டைப் பக்கம் வந்தபோதுதான் கவனித்தார். போர்த்தியிருந்த துணிக்கடியில் வந்தவரின் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். சலூன்காரருக்கு வருத்தம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். நடுவில் நிறுத்துவதா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் முடித்துக் காட்டினார். மச்சான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சலூன்காரருக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. அந்தக் கை மட்டும்தான் மனதை உறுத்தியது.

துணியை எடுத்து உதறியபடி மெல்லக் கேட்டார்: "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு எதுக்கு சார் என்கிட்ட கழுத்தை நீட்டினீங்க?"

வந்தவர் இடது கையால் கழுத்தைத் தடவிப் பார்த்து, கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தார். வலது கை மடியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பயம் இல்லீங்க, எனக்கும் உங்க வியாதிதான். பம்பு வேண்டவே வேண்டாம்னு அடம் பிடிச்சேன். 'முதல்ல அந்த சலூன்ல ஒரு ஷேவிங் பண்ணிக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்'னு உங்க டாக்டர்தான் அனுப்பி வச்சார்."