வாய் மட்டும் அசையட்டும்

"நிறுத்துங்க, நிறுத்துங்க." மாஸ்டர் உயர்த்திய கையைக் கீழே போட்டார். "இப்ப முந்திக்கிட்டு எடுத்தது யாரு?"

பாடகர் குழுவில் இருபது பேர். பத்தொன்பது பேரின் கண்களும் இரண்டாவது வரிசையின் ஓரத்துக்குப் போயின.

"நான்தான்," என்றாள் மில்லக்கா. "தெரியாத மாதிரி என்ன கேள்வி?"

நெசவு மில்லில் இருபத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் துகளோடு அப்படியே ஒத்திகைக்கு வந்திருந்தாள்.

"ஆராதனையில என் கையைப் பார்க்கறதே இல்ல. எங்கேயோ பராக்குப் பார்க்கறீங்க. ஒவ்வொரு வரியையும் எல்லாருக்கும் முன்னாடி எடுக்கறீங்க. வாயை வேற இவ்வளவு அகலத்துக்குத் திறந்துக்கிட்டு."

"தறிச் சத்தத்துல காது எதுக்கு தம்பி உதவும்? ஒருத்தர் வாயைப் பார்த்துத்தான் இன்னொருத்தர் பேசுவோம். பழகிப்போச்சு. உங்க அம்மாவும் அங்க முப்பது வருஷம் நின்னவங்கதானே."

மாஸ்டரின் முகம் சுண்டியது. அம்மா தறிக்காரி என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. யாராவது ஞாபகப்படுத்தினால்தான் பிடிக்காது.

முதல் வரிசையில் நின்ற பல் டாக்டர் திரும்பினாள். "என்கிட்ட பல்லுப் பிடுங்க வர்றவங்ககூட இவ்வளவு திறக்கறதில்லக்கா."

"அவங்களுக்குப் பயம் டாக்டர். எனக்கென்ன?"

சிரிப்பு அடங்கும்வரை மாஸ்டர் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார். பேராலயத்தின் பாடகர் குழுவை நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு. ஒரு பிசகு போதும், வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும்.

"இந்த ஒரு வாரம் நீங்க கீழே சபையோட உட்கார்ந்து பாடுங்க."

"மாட்டேன்."

"காரணம்?"

"சொல்றதா இல்ல. ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இதே இடத்துலதான் நிப்பேன்."

"சுதி சேரலையே!"

"சுதி சேராதவ பாட்டு மேல போய்ச் சேராதுன்னு யார் சொன்னது? ஆண்டவரா, நீங்களா?"

"போதகர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. அவர் கேட்டாலும் இதுதான் பதில். பேராயர் கேட்டாலும் இதுதான்."

மாஸ்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ரோஷமுள்ள எவளும் இதற்குமேல் நிற்க மாட்டாள்.

"சரி, நில்லுங்க. ஆனா சத்தம் வரக் கூடாது. வாய் மட்டும் அசையட்டும்."

"அவ்வளவுதானே? தாராளமா." மில்லக்காவின் முகம் தெளிந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

வெட்கம் கெட்ட பிறவி என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பேராயர் பீடத்தின் அருகே அமர்ந்திருந்தார். பாட்டுக்கு முன் மாஸ்டர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "கடைசிச் சரணத்துக்கு முன்னாடி எல்லாரும் நிறுத்திடணும். நாலு எண்ணிக்கை முழு அமைதி. அப்புறம் குழுவோட சேர்ந்து பாடுங்க."

எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுதான். அந்த நாலு எண்ணிக்கை மட்டும் அவருடையது. ஒரு மாதம் யோசித்து வைத்தது.

மில்லக்கா சொன்ன சொல் தவறவில்லை. அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் வாய் வழக்கம்போல் அகலமாக, வழக்கம்போல் ஒரு நொடி முன்னால். கண்கள் மாஸ்டரின் தோளைத் தாண்டி எங்கேயோ நின்றன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசினார்.

மூன்றாவது சரணம் முடிந்தது. கை மேலே போய் நின்றது. குழு நின்றது, சபை நின்றது, ஆர்மோனியம் நின்றது.

ஒன்று.

பேராயர் கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டு.

மில்லக்காவின் வாய் திறந்தது. கடைசிச் சரணத்தின் முதல் சொல். சத்தம் இல்லை.

சத்தம் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வயதான பெண்குரல். சுதிக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. ஆனாலும் தயக்கம் சிறிதும் இல்லை. அவர் பேசக் கற்பதற்கு முன்பே கேட்ட குரல் அது.

திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது பெஞ்சில் அம்மா. ஆலயம் முழுவதும் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மகனின் முதுகு மறைக்காத இடைவெளியில் மில்லக்காவின் உதடுகளையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. அமைதியும் கேட்கவில்லை.

ஒரு வருஷமாக வீட்டில் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறாள். பேசினால் முகத்தையே பார்க்கிறாள். வயசாக ஆகப் பாசம் கூடுகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

முன்பக்கம் திரும்பினார். பல் டாக்டர் மில்லக்காவை முறைத்துக்கொண்டிருந்தாள். மில்லக்கா நிறுத்தவில்லை. மோவாயைச் சற்று உயர்த்தி, நேரே பார்த்து, அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தாள். பின்னால் அந்தக் குரலும் அடுத்த சொல்லுக்குப் போனது.

பேராயர் கண் திறந்தார்.

மூன்று என்று எண்ணாமலே மாஸ்டர் கையை வீசினார். குழு திடுக்கிட்டுப் பாட்டுக்குள் விழுந்தது. சபையும் கூடவே எழுந்து வந்தது.

கை தாளத்தை விடவில்லை. பாட்டுப் புத்தகம் வைத்திருந்த தாங்கியை மறு கையால் இழுத்துக்கொண்டு மாஸ்டர் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து நின்றார்.